நோயாளிக்கு மட்டும் தெரியாத நோய்

நம் திரைப்படங்களில் புற்றுநோய் மிக அழகானது. அது கண்டவனுக்கு முடி உதிர்வதில்லை, உடல் வற்றுவதில்லை, படுக்கைப்புண் வந்து வீடு நாறுவதில்லை. இருமுகிறான், வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு துளி இரத்தம் தெரிகிறது, உடனே ஒரு பாட்டு. தன் நோயை அவன் எவரிடமும் சொல்லமாட்டான். சொல்லாதிருப்பதே அவனுக்குப் பெருமை. 1982ஆம் ஆண்டில் மட்டும் ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என்னும் இரு படங்கள் இந்த ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வெளிவந்தன. இரண்டும் ஓட்டமாக ஓடின. இரண்டிலும் காதலன் தன் நோயை மறைக்கிறான். காதலி தன்னை விட்டு விலகும்படி நடந்துகொள்கிறான். முன்னதில் தன்னை ஒழுக்கங்கெட்டவனாகக் காட்டிக்கொள்ளவும் துணிகிறான். இதைத் தியாகம் என்று நமக்குக் கற்பித்தார்கள். நாமும் அரங்கில் இருந்து அழுதுவிட்டு, வீட்டிற்குப் போய் அதையே செய்யக் கற்றுக்கொண்டோம்.

இது தியாகமன்று, களவு என்பதே நம் கட்சி. தான் நேசிப்பவர் அருகில் இருந்து, தலையணையைச் சரிசெய்து, வாயில் ஒரு கரண்டிக் கஞ்சி ஊற்றி, பேசவேண்டியதைப் பேசி முடிக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. அதை அவளிடமிருந்து திருடியவனை எதற்காக நாம் கும்பிட வேண்டும்?

தமிழ்ப் படம் எல்லாக் காலத்திலும் இப்படியே இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். 1962இல் ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஏறக்குறைய முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. அதிலுள்ள புற்றுநோயாளி, தான் பிழைக்காமல் போனால் மனைவியின் எதிர்காலம் என்னாகும் என்பதை அந்த மனைவியிடமே பேசுகிறான். அவன் பேசுவதை ஒப்புக்கொள்வதும் ஒப்புக்கொள்ளாததும் வேறு செய்தி. சாகக்கூடிய ஒருவன் தன் சாவைப் பற்றி வாய்திறந்து பேசினான் என்பதே பெரிது. அங்கிருந்து இருபது ஆண்டுகள் நடந்து நாம் போய்ச் சேர்ந்த இடம் அந்தக் கைக்குட்டை.

இவ்வேளையில் வாசகர்களுக்கு ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரை நினைவுபடுத்த விரும்புகிறோம். ‘ஒரு லிட்டர் கண்ணீர்’ என்பது அதன் பெயர். 2005 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃபூஜி தொலைக்காட்சியில் வாரம் ஒன்றாகப் பதினொரு பகுதிகள் வந்தன. கதை கற்பனையில் முளைத்ததன்று. கிட்டோ ஆயா என்னும் பெண் 1962இல் பிறந்தாள். பள்ளிப் பருவத்திலேயே சிறுமூளையும் தண்டுவடமும் மெல்ல மெல்லச் சிதையும் நோய் அவளைப் பற்றிக்கொண்டது. மருந்தில்லாத நோய் அது. முதலில் நடை தடுமாறும், பிறகு கை தடுமாறும், பேச்சு குழறும், கடைசியில் விழுங்கவும் இயலாது. அறிவு மட்டும் இறுதிவரை தெளிவாக நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கும். விரல்கள் எழுதுகோலைப் பிடிக்கும்வரை அவள் நாட்குறிப்பு எழுதினாள். அது 1986இல் நூலாயிற்று. 1988இல், தன் இருபத்தைந்தாம் வயதில், அவள் இறந்தாள்.

அத்தொடரைக் குறையற்ற படைப்பென்று நாம் சொல்ல வரவில்லை. நாட்குறிப்பில் இல்லாத ஒரு காதலனை உண்டாக்கிச் சேர்த்திருக்கிறார்கள். அழவேண்டிய இடம் வருமுன்பே இசை நம் தோளைத் தட்டி எச்சரிக்கை செய்துவிடுகிறது. கண்ணீரை லிட்டர் கணக்கில் அளந்து தலைப்பிட்ட படைப்பிடம் அடக்கத்தை எதிர்பார்ப்பதும் முறையாகாது. இவ்வளவு குறையோடும் அது ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறது. நோய் யாருக்கோ, அவளுக்கு அது தெரியும். தொடக்கத்தில் பெற்றோர் தயங்குகின்றனர், ஒளிக்கின்றனர். பிறகு மருத்துவரின் அறையில் அவளையும் உட்காரவைத்துப் பேசுகின்றனர். நோய் ஏன் தன்னைத் தேடி வந்தது என்று அவள் கேட்கிறாள். ஒருவரிடமும் விடையில்லை. ஆனால் அவள் கேட்டாள், கேட்க விட்டார்கள். அதற்குப் பிறகுதான் கதையே நடக்கிறது. எந்தப் பள்ளியில் படிப்பது, மாடிப்படியை எப்படி ஏறுவது, தன்னைத் தூக்கிக்கொண்டு போகும் தோழியருக்குத் தான் பாரமாகிறோமா, வீட்டிலுள்ள தம்பி தங்கைகள் எதை இழக்கிறார்கள் என்றெல்லாம் அவள் கணக்குப் பார்க்கிறாள். சாவு என்றோ வரப்போவது. அதுவரையுள்ள செவ்வாய்க்கிழமைகளை எப்படிக் கழிப்பது என்பதே அக்கதை. நம் படங்களில் நோயாளிக்குச் செவ்வாய்க்கிழமையே கிடையாது. இடைவேளையும் இறுதிக்காட்சியும் மட்டுமே உண்டு.

‘ஜப்பானியர் பண்பாடு வேறு, நம் பண்பாடு வேறு, அவர்கள் வெளிப்படையானவர்கள், நாம் மனம் மென்மையானவர்கள்’ என்று ஒருவர் குறுக்கிடக்கூடும். இந்த வாதம் சரித்திரத்தின் முன் நில்லாது. நோயாளியிடம் புற்றுநோயை மறைப்பதில் ஜப்பானியர் நமக்கு அண்ணன்மார். பேரரசர் ஹிரோஹிட்டோ முன்சிறுகுடல் புற்றால் வாடி 1989 ஜனவரி 7ஆம் நாள் மறைந்தார். அவருடைய நோயின் பெயர் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது அவர் இறந்த பிறகே. அவரிடமும் அது சொல்லப்படவில்லை. அகிரா குரோசாவா 1952இல் எடுத்த ‘இகிரு’ படத்தில் ஒரு நகராட்சி அலுவலருக்கு இரைப்பைப் புற்று. மருத்துவர்கள் அதை வெறும் வயிற்றுப்புண் என்கிறார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பதைக் காத்திருப்போர் அறையில் உள்ள வேறொரு நோயாளி அவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுகிறார். எனவே மருத்துவர் பொய் சொல்லும்போது அலுவலருக்கு உண்மை விளங்கிவிடுகிறது. முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளின்மீது முத்திரை குத்திக்கொண்டிருந்த அம்மனிதர், அதன்பின் எஞ்சிய சில மாதங்களில் ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு பூங்காவைக் கட்டி முடிக்கிறார். பொய்யை நம்பியிருந்தால் அந்தச் சாக்கடை மேடு சாக்கடை மேடாகவே கிடந்திருக்கும். ஆக, மறைப்பது ஜப்பானியருடைய பழைய வழக்கமுமாகும். அவர்கள் அதை எதிர்த்துப் படம் எடுத்தார்கள், நூல் எழுதினார்கள், வாதாடினார்கள், சிறிது சிறிதாக மாறினார்கள். பண்பாடு என்பது மாற்றமுடியாத மலையன்று என்பதற்கு அவர்களே சான்று.

சரி, நம் தாமிரபரணிக் கரைக்கு வருவோம். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையைப் பாயின் பெயரால் உலகம் அறியும். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர். கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, ஆற்று நீரில் ஊறப்போட்டு, மீண்டும் மெல்லியதாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஓட்டி நெய்கிறார்கள். பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்கள்; பெண்களே மிகுதி. பட்டுப்பாய் என்று பெயர் பெற்ற நயமான பாயைத் துணிபோல் மடிக்கலாம். மணமக்களின் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தருவது அவ்வூருக்கே உரிய சிறப்பு. நெல்லைச் சீமையில் சாதி மதம் பாராமல் கல்யாணச் சீரில் அந்தப் பாய்க்கு இடமுண்டு. (மலேயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, பிறகு துறவு பூண்டு ரிஷிகேசத்தில் ஏழை நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். ஊரார் இதைச் சொல்லாமல் விருந்தினரை அனுப்புவதில்லை.)

பாயில் தொடங்கும் இல்லறம் பாயிலேயே முடிகிறது. ‘பாயும் படுக்கையுமாகக் கிடக்கிறார்’ என்று நாம் சொல்லும்போது அதில் உவமை ஏதுமில்லை. திண்ணையை அடுத்த அறையில் ஒரு பாய், அதன்மேல் பழைய சேலை நான்காக மடித்து விரித்திருக்கும், பக்கத்தில் செம்பு, தலைமாட்டில் ஜெபமாலை. படுத்திருப்பவருக்கு வயது அறுபதுக்கு மேல். பெரியாஸ்பத்திரிக்கோ சென்னை அடையாற்றுக்கோ போய் வந்தாயிற்று. பரிசோதனைத் தாள்கள் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கின்றன. மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், சம்பந்தி வீட்டாருக்குத் தெரியும், வாசலில் பால் ஊற்ற வருபவருக்கும் தெரியும். “ஒண்ணுமில்ல ஆச்சி, வயித்துல புண்ணு, ஆறிரும்” என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆச்சியும் “ஆமாய்யா” என்கிறாள்.

ஆச்சிக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தன் உடம்பு இளைப்பதைத் தானே அறியாதவர் உண்டா? பேசிக்கொண்டிருந்தவர்கள் தன் தலையைக் கண்டதும் பேச்சை மாற்றுவதையும், சண்டைபோட்டுப் பத்தாண்டாகப் பேசாத கொழுந்தன் ஆரஞ்சுப்பழத்தோடு வந்து நிற்பதையும் பார்த்த பிறகும் விளங்காத மூடரா நம் மூத்தோர்? தெரிகிறது. தெரிந்தும், பிள்ளைகள் அழுவார்களே என்று அவளும் நடிக்கிறாள். ஒரே வீட்டில் இருதரப்பாரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணி நாடகமாடுகிறார்கள். இந்த நாடகத்தில் ஆச்சிக்குக் கிடைத்த வேடம் மிகக் கொடியது. அவள் தன் பயத்தை எவரிடமும் சொல்லக்கூடாது.

‘சொன்னால் மனம் உடைந்து நாளைக்கே போய்விடுவார்’ என்பது அனைவரும் எடுத்துவைக்கும் சமாதானம். நாம் கேட்பது இதுதான்: சொல்லாமல் வைத்திருந்தவர்களை நோய் விட்டுவைத்ததா? உண்மையைக் கல்லைப்போல் எறியவேண்டும் என்று எவரும் கோரவில்லை. ‘உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்’ என்று முதலில் கேட்பது. கேட்டு, அவர் எட்டுவைக்கும் அளவுக்கு நாமும் எட்டுவைப்பது. ‘எனக்கு ஒன்றும் சொல்லாதே, என் மகனிடம் பேசு’ என்று அவரே சொன்னால் அதற்கும் கட்டுப்படவேண்டும்; அது அவருடைய முடிவு. நம் வீடுகளிலோ அந்த முடிவை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, அதற்குப் பாசம் என்று பெயரிட்டிருக்கிறோம். அந்தப் பாசத்தில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. அவர் அழும்போது கூட இருக்கும் சங்கடம் நமக்கு மிச்சமாகிறது. இதை ஒத்துக்கொள்ள எவருக்கும் மனம் வருவதில்லை.

உலகியலாகப் பார்த்தாலும் இழப்பு கொஞ்சமன்று. உயில் எழுதப்படவில்லை, எந்த வயலின் பத்திரம் எவரிடம் அடகு என்பது அவருக்கு மட்டும் தெரியும், மூத்த மகளுக்குத் தருவதாகச் சொன்ன இரண்டு பவுன் எங்கே என்பது அவரோடு போகிறது. பிறகு பதினாறாம் நாள் முடியுமுன் சகோதரர்களுக்குள் வழக்கு. 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது: மீளமுடியாத நிலையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2023இல் அதன் நடைமுறையையும் எளிதாக்கிற்று. கருணைக்கொலையைத் திருச்சபை ஏற்கவில்லை, ஏற்கவும் செய்யாது. ஆனால் பயனற்ற, தாங்கமுடியாத சிகிச்சைகளை மறுத்து இயல்பாக வரும் மரணத்தை ஏற்பது தவறன்று என்று 1980ஆம் ஆண்டிலேயே விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவாக்கியிருக்கிறது. சரி, இந்த உரிமையை யார் பயன்படுத்துவார்? தனக்கு வயிற்றுப்புண் என்று நம்பவைக்கப்பட்டவர் எதை எழுதிவைப்பார்?

நம் கத்தோலிக்க வீடுகளின் நிலை இன்னும் சற்று விசித்திரமானது. “சாமியாரை இப்பக் கூப்பிடாதீய, அப்பா பயந்துருவாவ” என்னும் சொல்லைக் கேளாத பங்கு உண்டா? அதற்கு நாமே ஒரு பழைய பெயரால் வழிவகுத்தோம்: ‘அவஸ்தைப் பூசுதல்’. அப்பெயர் காதில் விழுந்தாலே பாடை கட்டும் மூங்கில் கண்ணில் தெரியும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இந்தப் பெயரையும் இந்தப் பயத்தையும் ஒருங்கே மாற்ற முயன்றது. இது சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டுமான அருட்சாதனம் அன்று. நோயாலோ முதுமையாலோ ஒருவருக்கு உயிராபத்து தொடங்கும்போதே இதைப் பெறத் தகுந்த காலம் வந்துவிட்டது என்றது. 1972இல் ஆறாம் பவுல் இதற்கான புதிய சடங்குமுறையைத் தந்தார். மரிப்பவருக்குரிய இறுதித் திருவருட்சாதனம் வழியுணவாகிய நற்கருணை, பூசுதல் அன்று. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் மக்கள் ‘நோயில் பூசுதல்’ என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய பயத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். விளைவு? நினைவு தப்பி, கண் செருகி, மூச்சு இழுக்கும்போது ஒரு பையனை மிதிவண்டியில் பங்கு வீட்டிற்கு விரட்டுகிறார்கள். வந்த குருவானவர் ஒன்றும் அறியாத ஓர் உடலின் நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டுப் போகிறார். ஒப்புரவாக விரும்பியிருப்பாரா அவர்? எவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்? எந்த மன்னிப்பைக் கொடுத்திருப்பார்? அவருக்கு அந்த நேரத்தை நாம் கொடுக்கவில்லை. அவருடைய ஆன்மாவின் பேரில் இவ்வளவு அக்கறையுள்ள நாம்!

வேதனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மறைத்துவைத்த நோய்க்கு மறைத்துவைத்த வலி. ‘புண்’ணுக்கு யாராவது மார்ஃபின் கொடுப்பார்களா? நோயின் பெயரைச் சொல்லாத வீட்டில் மருந்தின் பெயரையும் சொல்லமுடிவதில்லை. புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் எளிய முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்டது. அதன் உச்சிப்படியில் இருப்பது வாய்வழி உட்கொள்ளும் மார்ஃபின். சட்டபூர்வமாகவே அபினிப் பயிர் செய்யும் நாடு நம்முடையது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், அனுமதிகள் மாநிலத்துக்கு மாநிலம் சிக்கலாகி, மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருக்கவே அஞ்சின. 2014இல் திருத்தம் வந்தே ஓரளவு முடிச்சு அவிழ்ந்தது. அண்டையிலுள்ள கேரளத்தில் 1993லேயே கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கம் தொடங்கி, ஊர் மக்களே தொண்டர்களாகி வீடுவீடாகச் சென்றார்கள். மும்பை பாந்திராவில் ‘சாந்தி அவேத்னா சதன்’ 1986ஆம் ஆண்டு முதல் இறுதிநிலைப் புற்றுநோயாளரைத் தாங்குகிறது. நாட்டில் இத்தகைய இல்லங்களுள் முதலாவது அது. அங்கு அருட்சகோதரிகள் பணிபுரிகிறார்கள்.

‘வலியைச் சிலுவையாக ஏற்றுக்கொள்ளட்டும்’ என்று திண்ணையில் இருந்து சொல்பவர் நம்மிடையே குறைவில்லை. பிறர் முதுகில் சிலுவை வைப்பது எளிது. பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரியில் மருத்துவர்களுக்கு அளித்த விடையில், வலியைத் தணிக்க மருந்து கொடுப்பது முறையே என்றார். வேறு வழியில்லாதபோது அதனால் ஆயுள் சற்றுக் குறைந்தாலும், மரணத்தை விரும்பிக் கொடுக்காதவரை, அது தவறன்று என்றார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே வலியுறுத்துகிறது. திருத்தந்தை ஒருவரே அனுமதித்த மருந்தைத் திண்ணைப் பக்தர் மறுக்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகு, தமிழில் முன்மாதிரியே இல்லை என்று எவரும் முறையிட வேண்டாம். நெல்லை மண்ணின் எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1943இல் ‘செல்லம்மாள்’ என்னும் சிறுகதையை எழுதினார். பட்டணத்துத் துணிக்கடையில் வேலைபார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, வீட்டிலே மாறாத நோயோடு கிடக்கும் மனைவி, இருவருக்கும் இடையே எட்டாத தூரத்தில் சொந்த ஊர். சமைப்பது அவர், கைப்பிடித்து எழுப்புவது அவர், கடைக்கு நேரமாயிற்றே என்று தவிப்பதும் அவர். அங்கும் உண்மை முழுதாகப் பேசப்படுவதில்லை. பிள்ளைவாள் ஆறுதலாகச் சிலவற்றைச் சொல்லிச் சமாளிக்கிறார். ஆனால் எழுதியவர் நம்மிடம் எதையும் மறைக்கவில்லை. சாவோடு ஓர் ஆண்மகன் அடுப்படியில் எப்படிக் குடித்தனம் நடத்தினான் என்பதை அலங்காரமில்லாமல் வைத்தார். கைக்குட்டையும் இல்லை, பாட்டும் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1948இல், அவரையே காசநோய் கொண்டுபோயிற்று. இக்கதை கையில் இருக்க, நம் திரைக்கதையாசிரியர்கள் வேறெங்கோ போய்க் கண்ணீருக்குக் கடன் வாங்கினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கதையில் பணிவிடை செய்தவர் கணவர். நம் ஊர்களில் அது மருமகளின் வேலை. பாயைத் துவைத்து வெயிலில் போடுபவள், புரட்டிப் படுக்கவைப்பவள், இரவில் எழுபவள் அவளே. ஆனால் ‘சொல்லலாமா, வேண்டாமா’ என்று ஆண்கள் கூடி முடிவெடுக்கும்போது அவளை எவரும் கேட்பதில்லை. நோயாளி நள்ளிரவில் ‘எனக்கு என்னம்மா சீக்கு?’ என்று கேட்பது அவளிடந்தான். முடிவெடுத்தவர்கள் அப்போது தூங்குகிறார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில் நோய் ஆதரவுச் சிகிச்சையும் ஓர் அங்கம். படுக்கையிலிருப்பவரைத் தேடிச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார்கள். புண்ணைத் துடைத்துக் கட்டுகிறார்கள். புரட்டிப் படுக்கவைக்கும் முறையை வீட்டாருக்குக் கற்றுத் தருகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எவரும் கனவு கண்டிராத உதவி. அந்தச் செவிலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்து, தெருவில் காயும் கோரையை மிதிக்காமல் ஒதுங்கி, படியேறுகிறாள். செருப்பைக் கழற்றுமுன்பே வீட்டுக்காரர் எழுந்து வந்து, நடையில் அவளை மறித்து, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: “உள்ள அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிராதீய.” உள்ளே, பாயில், அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.